தம்பியின் இரண்டாவது ரிப்போர்ட்

துவைக்கப் போட்ட துணிகளுக்கு நடுவே ஒரு கிரேப் பேண்டேஜ் (சுளுக்குக்குச் சுற்றும் இழுபடும் துணி) வியர்வை நாற்றத்தோடு கிடந்தது. யாருக்குச் சுளுக்கு என்று தம்பி அனஸிடம் கேட்டேன். அதைப் பிடுங்கிக்கொண்டு போனான். அப்போது அவனுக்குப் பதினாறு வயது. எடை தொண்ணூற்றெட்டு கிலோ.

மும்பை தாராவியில், வாப்பாவின் தோல்பைப் பட்டறைக்கு மேலே ஒற்றை அறையில் நாங்கள் நால்வர். அத்தனை சிறிய வீட்டில் ஒருவன் தினமும் மார்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஜூனியர் காலேஜ் (பதினொன்றாம் வகுப்பு) போய்வந்தது யாருக்கும் தெரியவில்லை. செம்பூரில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற எனக்குக்கூட.

இரண்டு நாள் கழித்து, அக்காவான என் முகத்தைப் பார்க்காமல் அவனே சொன்னான்.

"மாரு பொம்பளப் பிள்ள மாதிரி இருக்கு லாத்தா. குரலும் ஒடையல. ஜிம்ல ஒருத்தன் இஞ்செக்‌ஷன் தாரேங்கான். போட்டா சரியாயிருமாம்."

"போட்டுட்டியால?"

"இல்ல. ஒங்கிட்ட கேட்டுட்டுப் போடலாம்னு."

அவன் கேட்டதற்கு இன்றும் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்கிறேன்.

மாட்டுங்காவில் ஒரு ஹார்மோன் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அவர் தமிழ்க்காரர். டெஸ்டோஸ்டிரோன் (ஆண்மை வளர்ச்சிக்கான ஹார்மோன்) காலையில்தான் அதிகமாகச் சுரக்கும் என்பதால், காலை எட்டு மணிக்கு நானே அவனுக்கு ரத்தம் எடுத்தேன். அளவு குறைவாக இருந்தது.

"கொழுப்பு சும்மா ஒக்காந்திருக்காதுப்பா," என்றார் மருத்துவர். "ஆண் ஹார்மோன்ல கொஞ்சத்தை எடுத்துப் பெண் ஹார்மோனா மாத்திண்டே இருக்கும். அதைப் பார்த்து மூளையும் உற்பத்தியைக் குறைச்சுடும். வெளியேந்து ஊசி போட்டா இருக்கறதும் நின்னுடும். எடையை மெதுவா குறை, தானா திரும்பும்."

'மெதுவா' என்ற சொல் மட்டும் அவன் காதில் விழவில்லை.

வெள்ளரிக்காயும் கறுப்பு டீயுமாக நாட்களை ஓட்டினான். இரண்டு மாதத்தில் பதினாறு கிலோ இறங்கியது. அக்கம்பக்கத்தார் பாராட்டினார்கள். நானும்தான். எழுந்தால் தலை சுற்றுகிறது என்று அவன் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது ரிப்போர்ட்டை லேபில் நான்தான் முதலில் பார்த்தேன். டெஸ்டோஸ்டிரோன் முன்பைவிடக் குறைந்திருந்தது. தவறு என்று நினைத்து அதே ரத்தத்தை இன்னொரு முறை சோதிக்கச் சொன்னேன். அதே எண்தான் வந்தது.

வீட்டில் அவன் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தான். "இவ்வளவு பட்டினி கெடந்தும் இப்படியா?" என்றான். அழுதான்.

மருத்துவர் கோபப்பட்டது அந்தத் தாளைக் காட்டியபோதுதான், அதுவும் என்னிடம். "பட்டினி போட்டா ஒடம்பு பஞ்சம்னு நினைச்சு ஹார்மோனைக் குறைச்சுடும். பஞ்சத்துல யாராவது வீட்டை மாடியெடுத்துக் கட்டுவாளா? லேப்ல இருக்கேள், நீங்க கவனிச்சிருக்க வேண்டாமா?"

அதன்பின் முட்டை, மீன், பருப்பு, அளவாகச் சோறு. அவன் தூங்கட்டும் என்று இரவு பத்து மணிக்கு மொபைலை உம்மா வாங்கி வைத்துக்கொண்டார். காலையில் மாட்டுங்கா வரை நடை. வேலையில்லாத நாட்களில் நானும் போனேன். 'குண்டா' என்று கூப்பிடுவதை வாப்பா நிறுத்தினார். அதுவும் மருந்தில் சேர்ந்ததுதான்.

முதல் மாதம் மூன்று கிலோ ஏறியது. அவன் பயந்தான். பிறகு மாதத்துக்கு ஒரு கிலோ, சில மாதம் அதுவும் இல்லை. ஒருநாள் போனில் பேசியவரை வாப்பா என்று நினைத்து, "சாப்டீங்களா?" என்றேன்.

"சாப்ட்டேன் மகளே," என்று சொல்லிச் சிரித்தான் அனஸ்.

ஒரு வருடம் கழித்து வந்த ரிப்போர்ட்டில் அளவு வயதுக்கு ஏற்றபடி இருந்தது. மார்பு வீக்கம் முழுக்கப் போகவில்லை. இருந்து தொந்தரவு செய்தால் பின்னால் சின்ன அறுவைசிகிச்சை செய்யலாம் என்றார் மருத்துவர். இதைப் படிக்கிற உங்கள் வீட்டுப் பையனும் வாய் திறக்காமல் இருக்கலாம். எடையைப் பற்றிப் பேசும் முன் அவன் எதை மறைக்கிறான் என்று மெல்லக் கேளுங்கள்.

அனஸுக்கு இப்போது பதினெட்டு. போன வாரம் மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அடுத்த பரிசோதனை ஆறு மாதம் கழித்து என்று சொல்லியிருந்தார்.

"அவ்வளவு நாளா?" என்றேன் நான்.

"ஆறு மாசம்தானே லாத்தா," என்றான். நனைந்த சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அதை இழுத்துவிட்டுக்கொள்ளாமல், கைகளை வீசிக்கொண்டு எனக்கு முன்னே ஸ்டேஷனை நோக்கி நடந்தான்.