எட்வினின் இடது கை

சென்ற மாதம் ஒரு காலை, தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு எட்வினின் மனைவி கிரேஸ் சிஸ்டர் போன் செய்தார். "சம்பத் சார், அவர் போயிட்டாரு. தூக்கத்துலயே. கொஞ்சம் கீழ வரீங்களா?" அவ்வளவுதான். நான் இறங்கிய வேகத்தில் படிகள்தான் எனக்கு வழிவிட்டிருக்க வேண்டும். எதையும் மிதித்த நினைவில்லை. எட்வின் கட்டிலில் படுத்திருந்தார். வலது கால் பெருவிரல் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது அசையாமல் இருந்ததை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன்.

முடிச்சூரில் எட்வினைப் பார்த்திராதவர்கள் இருக்கலாம். கேட்டிராதவர்கள் இருக்க முடியாது. ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் டிரம்ஸ், முகூர்த்த நாட்களில் மெல்லிசைக் குழு என்று வாழ்ந்தவர், ஓய்வுபெற்றதும் எங்கள் குடியிருப்புக்குக் குடிவந்து, ஒரு படுக்கையறையையே ஸ்டூடியோ ஆக்கிவிட்டார். சுவரெல்லாம் மெத்தை. சன்னலில் கனத்த ரஜாய்ப் போர்வை. கதவுக்குப் பின்னால், கல்யாணப் பட்டு ஒன்றைத் தவிர, சிஸ்டரின் எல்லாப் புடவைகளும். அதற்குள் உட்கார்ந்து சின்னச் சின்னத் தாளத் துண்டுகளை வாசித்துப் பதிவு செய்வார். க்ரூவ் என்பார்கள் அதை. ஒரே நடை திரும்பத் திரும்ப வரும், கேட்பவர் தன்னையறியாமல் காலை ஆட்டும்வரை. மெட்டுப் போடுகிறவர்கள் வாங்கித் தங்கள் பாட்டுக்கு அடியில் விரித்துக்கொள்வார்கள்.

அவர் முதல்நாள் அடித்தபோது வண்டலூர் ஜூ சிங்கங்கள் பதில் கொடுத்தன. சந்தேகப்படுபவர்கள் சிங்கங்களிடமே விசாரித்துக்கொள்ளலாம். எங்கள் குடியிருப்புச் சங்கம் அவசரமாகக் கூடி, என்னைத் தூதுவனாக நியமித்தது. இஸ்திரி போட்ட சட்டையும் இறுகிய முகமுமாகப் போய் நின்றேன்.

"சார், இது குடும்பங்க இருக்கிற இடம்."

"நானும் குடும்பம்தான் மச்சான். உக்காரு. காபி குடிச்சிட்டு தெம்பா திட்டு."

பார்த்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, நான் மச்சான். காபி வந்தது. கூடவே, அன்று காலை பதிவுசெய்ததை ஸ்பீக்கரில் போட்டார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நடுவில் ரயில் எஞ்சின் மாதிரி ஒரு கூவல்.

"இது இன்னான்னு தெரியுதா? உங்க வூட்டு குக்கர். நல்லா வாசிச்சுகினு கீறேன், நடுவுல வந்து உழுது. நான் உன் மேல கம்ப்ளைண்ட் குடுத்தேனா?"

உலக வரலாற்றில் இதைவிடச் சிறந்த சமாதான உடன்படிக்கை எழுதப்பட்டதில்லை. மதியச் சமையல் முடிந்து எல்லா வீட்டுக் குக்கரும் அடங்கிய பிறகு, நான் மாடிப்படியில் நின்று "இறங்கிடுச்சா?" என்று குரல் கொடுப்பேன். ஒவ்வொரு கதவாக "இறங்கிடுச்சு" என்று வரும். அப்புறம் மோட்டார் ஓடாது, மிக்ஸி சுற்றாது, ஒலிபெருக்கி வைத்த காய்கறி வண்டியைத் தெருமுனையிலேயே மடக்கிவிடுவோம். டிரம்ஸ் வாசித்தவர் எட்வின். மௌனம் வாசித்தவர்கள் நாங்கள். அதில் எனக்குத்தான் கஷ்டம் அதிகம் என்பது என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

பிறகு ஒரு நாள் அவருக்குப் பக்கவாதம் வந்தது. நடை சீக்கிரம் திரும்பியது. இடது கை திரும்பவில்லை. டிரம்ஸில் இடது கைதான் ஸ்நேர் என்கிற சின்ன டிரம்மை அடிக்கும் கை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினால் இரண்டிலும் நான்கிலும் 'டப்' என்று விழுமே, அது. அது இல்லாத க்ரூவ், உப்பில்லாத சாம்பார். எட்வின் விடவில்லை. வலது கையையும் காலையும் முதலில் பதிவுசெய்து, பிறகு அதே வலது கையால் ஸ்நேரைத் தனியாக அடித்து, கம்ப்யூட்டரில் இரண்டையும் ஒட்டினார். ஒட்டியதைக் கேட்டார். அழித்தார். மறுநாளும் ஒட்டினார், அழித்தார்.

"எல்லாம் கரெக்டாத்தான் கீது மச்சான். ஆனா ரெண்டு ஆளு ரெண்டு வூட்ல குந்திகினு வாசிக்கிற மாதிரி கீது."

கல்யாணமான நாள் முதல் அந்த டிரம்ஸின் தூசியைத் துடைத்தவர் சிஸ்டர்; ஒருமுறைகூட அடித்ததில்லை. அன்று கைப்பிடித் துணியோடு வாசலில் வந்து நின்றார்.

"இடது கை எங்க அடிக்கணும்னு சொல்லுங்க. நான் அடிக்கிறேன்."

"உனுக்கு இன்னா தெரியும்?"

"இத்தனை வருஷமா அடுப்படியில இருந்து கேக்கிறேனே, அது தெரியும்."

அவருக்கு இடப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். எண்ணவெல்லாம் இல்லை. தாளத்துக்கு ஏறி இறங்கும் எட்வினின் தாடையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அது கீழே இறங்கியதும் அடிப்பார். பார்த்து அடிப்பதால் ஒவ்வோர் அடியும் ஒரு மயிரிழை தாமதமாக விழுந்தது. எட்வின் முதலில் முறைத்தார். பிறகு முறைப்பதை நிறுத்திக் கேட்டார். பிறகு அவருடைய கால் பெருவிரல் ஆடத் தொடங்கியது.

"மாத்தாத கிரேஸு. இப்படியே வெச்சுக்கோ. பாட்டு சாஞ்சு உக்கார எடம் குடுக்குது பாரு."

கீழ்க்கட்டளையில் பிரபா என்று ஓர் இசையமைப்பாளர், எட்வினிடம் வழக்கமாக வாங்குபவர். அவருக்கு அதை அனுப்பினார்கள். அவர் ஒழுங்கானவர். தாமதமான அடிகளையெல்லாம் கம்ப்யூட்டரில் பிடித்து இழுத்து, சரியான இடத்தில் வரிசையாக நிறுத்திவிட்டார். மறுநாளே போன்.

"சார், சரி பண்ணேன். செத்துப்போச்சு சார். பழசையே திரும்ப அனுப்புங்க."

"என் பொண்டாட்டிய எவன்டா உன்னத் திருத்தச் சொன்னது? நானே அந்தத் தப்பைப் பண்ணதில்ல!"

அதற்குப் பிறகு தாம்பரம் முதல் அண்டார்டிகா வரை எல்லோரும் "அந்த லேட்டு வேணும்" என்றுதான் கேட்டார்கள். அண்டார்டிகாவை நான் சேர்த்தேன். பல்லாவரம் உண்மை.

எட்வின் போவதற்குச் சில நாட்கள் முன்பு சிஸ்டர் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். அந்த நேரத்தில் எட்வின் பிரபாவுக்காகப் புதிதாக ஒரு நடையை வாசித்துவைத்தார். வலது கையும் காலும் மட்டும். இரண்டிலும் நான்கிலும் வெற்றிடம். "மீதி அவ வந்து அடிப்பா" என்று என்னிடம் சொன்னார். சிஸ்டர் வந்தபோது எட்வினுக்கு லேசாகக் காய்ச்சல். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போய்விட்டது.

அடக்கம் முடிந்து ஜெபக்கூட்டமும் முடிந்தது. டிரம்ஸை சர்ச்சுக்குக் கொடுத்துவிடலாம் என்றார்கள் உறவினர்கள். சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "அவர் பாதியில விட்டதை மட்டும் அடிச்சுப் பாத்துடறேன் சார். வந்துச்சுன்னா டிரம்ஸ் இங்கதான் இருக்கும். வரலேன்னா இன்னிக்கே வண்டியக் கூப்பிட்டுடுங்க."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன் ஸ்டூலில் உட்கார்ந்தார். அடித்தார். நிறுத்தினார். மறுபடி அடித்தார், நிறுத்தினார். "முந்திக்குது சார். தாடையப் பாத்தே பழகிடுச்சு. இப்ப எதைப் பாக்கிறது?"

எனக்குத் தாளம் என்றால் வெற்றிலைத் தாம்பாளம் அளவுக்குத்தான் தெரியும். ஆனாலும் ஆபத்பாந்தவனாக எட்வினின் இருக்கையில் ஏறி அமர்ந்து, தாடையை ஏற்றி இறக்கினேன். சிஸ்டர் சற்று நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். அத்தனை நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

"பஸ்ல தூங்கி விழற ஆளு மாதிரி இருக்கீங்க சார். எந்திரிங்க."

எழுந்தேன். அவர் தன் ஸ்டூலை விட்டு வந்து, எட்வினின் இருக்கையில் தானே உட்கார்ந்தார். அடுப்படியிலிருந்து கேட்கிறவர் போலக் கண்ணை மூடிக்கொண்டார். ஹெட்போனில் என்ன ஓடியது என்பது எனக்குக் கேட்கவில்லை; வெறும் 'டப்', இடைவெளி, 'டப்'. வந்ததா, வரவில்லையா என்று ஒன்றும் புரியாமல் சுவரோரம் நின்றேன். முடிந்ததும் இரண்டையும் சேர்த்து ஸ்பீக்கரில் போட்டார். எட்வினின் கால் முன்னே நடந்தது. பின்னால், அவசரமே இல்லாமல், அந்த அடி வந்து சாய்ந்து உட்கார்ந்தது.

"லேட்டா இருக்கா சார்?"

"ரொம்ப லேட்டு சிஸ்டர்."

"அப்ப சரி" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரபாவுக்கு அனுப்பினார். வண்டியைக் கூப்பிடவில்லை. இப்போது காலால் பெரிய டிரம்மையும் அடிக்கப் பழகுகிறார். எட்வினின் காலைப் போல இல்லை. சிஸ்டரின் கால் போலவே இருக்கிறது. வாரா வாரம் தேறுகிறது.

எட்வினிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான்: அவர் விட்டுவைத்த அந்த வெற்றிடம். தன் பங்கை முழுதாக வாசித்துவிட்டு, இன்னொருவர் வந்து அடிக்க இடம் விடுவது. வாயை மூடி அறியாத நானும் பழகிப் பார்க்கிறேன். நேற்று விருந்தாளிகளிடம் ஒரு கதை அளந்துகொண்டிருந்தபோது, உச்சக்கட்டத்துக்கு முன்னால் ஒரு கணம் நிறுத்தினேன். என் மனைவி உள்ளே புகுந்து முடிவைச் சொன்னாள். என்னுடையதைவிட எவ்வளவோ பெரிய புளுகு. எல்லோரும் கைதட்டினார்கள்.