மாலை போட்ட வண்டி

சவரிமுத்து குற்றவாளி அல்ல. நான்தான்! அந்த பஸ்ஸின் பிரேக் பழுது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே கொடுத்தேன்... தெரிந்தே மறைத்தேன்.

நீங்கள் என்னை எப்படி அறிவீர்கள்? லாரியும் பஸ்ஸும் விற்கும் ஒரு கம்பெனியின் தல்லாகுளம் கிளையில் சர்வீஸ் மேனேஜராகச் சேர்ந்து, தென் மாவட்டங்களுக்கே பொது மேலாளராக உயர்ந்தவன் என்று. அந்த உயர்வு எங்கே தொடங்கியது என்று எவரும் கேட்டதில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

எழுபதுகளில் ஒரு வெள்ளிக்கிழமை. உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்று முதன்முதலாக பஸ் வாங்கியது. மாலை போட்டுச் சந்தனம் பூசியாயிற்று. ராகு காலம் பிறப்பதற்குள் வண்டி வாசலைத் தாண்டி, நேரே குலதெய்வம் கோயிலுக்குப் போக வேண்டும். குடும்பமே அதில்தான் போகிறது.

எலுமிச்சம்பழம் வைக்க வசதியாக வண்டியைக் கொஞ்சம் நகர்த்த நானே ஏறினேன். பிரேக்கை மிதித்தேன். பெடல் மெத்தென்று தரையோடு போயிற்று! மறுபடி மிதித்தபோது பிடித்தது.

பழுது பார்க்க ஒரு பகல் வேலை. அவ்வளவுதான்! ஆனால் மாலை போட்ட வண்டியைப் பின்னால் எடுத்து ஒர்க்‌ஷாப்புக்குள் விடுவதா? அபசகுனம் என்று வண்டியே வேண்டாமென்று போய்விடுவார்களே... மேலிடத்தில் முடிவாகக் காத்திருந்த என் பதவி உயர்வு என்ன ஆகும்? முதல் சர்வீஸுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டேன்.

ஓட்டுநர் சவரிமுத்து செல்லூர்க்காரன். நான்தான் சிபாரிசு செய்து அவர்களிடம் சேர்த்துவிட்டேன். ஏறும் முன் கேட்டான்.

"அண்ணே, எல்லாம் பாத்துட்டீகளா?"

"பாத்தாச்சு சவரி. கெளம்பு, நேரமாச்சு."

நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு, பழங்களை நசுக்கியபடி வண்டியை எடுத்தான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பொழுது சாயும் முன் செய்தி வந்தது. கணவாய் இறக்கத்தில் பஸ் உருண்டுவிட்டது. குடும்பத்துப் பெரியவரும் அவருடைய மருமகளும் போய்விட்டார்கள்... அந்தப் பெண்தான் காலையில் என் கையில் கற்கண்டு கொடுத்தவள்.

நொறுங்கிய வண்டியில் எவரும் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கோர்ட்டில் சாட்சிக் கூண்டேறி, "வண்டியில் ஒரு குறையும் இல்லை" என்றேன். என் குரல் நடுங்கவே இல்லை! எதிரே நின்ற சவரிமுத்து என்ன சொன்னான் தெரியுமா?

"அண்ணே பாத்துக் குடுத்த வண்டிங்கய்யா. நாந்தேன் ஒழுங்கா மிதிக்கல போல."

தன் காலை நம்பவில்லை அவன். என்னை நம்பினான்! சிறைக்குப் போனான். எனக்குப் பதவி உயர்வு வந்தது.

விடுதலையானவனுக்குக் கோரிப்பாளையத்தில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் வேலை வாங்கிக் கொடுத்தேன். என்ன பெரிய மனசு என்று ஊரே மெச்சியது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு. அன்னைக்குத் தரை வரைக்கும் மிதிச்ச மாதிரிதேன் இருக்கு. தூக்கத்துலகூடக் காலு மிதிக்குது... நான் மிதிச்சேனா, இல்லையாண்ணே?"

எத்தனை வருடம் கழித்துக் கேட்கிறான்! 'மிதித்தாய்' என்ற ஒரு சொல் போதும். அவன் நிம்மதியாகத் தூங்குவான்.

"மிதிச்சிருந்தா வண்டி நின்னுருக்கும்ல, சவரி."

நான்தான் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்!

"ஆமாண்ணே" என்று தலையாட்டினான். யாரோ சைக்கிளோடு வந்து நிற்கவே, டோக்கன் கொடுக்கப் போய்விட்டான்.