தெய்வசிகாமணியின் டிஸ்கும் கண்ணகியின் பையும்

தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தெய்வசிகாமணி கடைப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். பத்தடி நடந்தபின் திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுப்பார். இருபது வருஷமாக ஊர்க் கல்யாணங்களைப் படம் பிடிப்பவர், மாப்பிள்ளையின் சிரிப்பைக்கூட நம்பியதில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன், எடுத்த படத்தையெல்லாம் சேர்த்து வைக்கும் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனால் சும்மா இருப்பாரா?

ஆவணியில் மூங்கில்துறைப்பட்டு சுபஸ்ரீயின் கல்யாணத்தை அவர்தான் எடுத்தார். ஆல்பம் கொடுப்பதற்குள் அவளுடைய அப்பா ராசு, கரும்பு வெட்டும் கூலி, மாரடைப்பில் போய்விட்டார். வாழ்நாளில் அந்த ஆள் கேமரா முன்னால் நின்றது அந்த ஒருநாள்தான்.

"ஆல்பம்கூட வோணாண்ணே. எங்கப்பா பேசுறது இருந்தா அத மட்டும் குடுங்க" என்று சுபஸ்ரீ போனில் அழுதாள்.

டிஸ்கை மாட்டினார். டக், டக் என்று சத்தம் வந்ததே ஒழிய ஒரு படமும் வரவில்லை. கேமராவில் இருந்ததை அடுத்த கல்யாணத்துக்காக எப்போதோ அழித்தாயிற்று.

சந்தேகம் நேராகக் கண்ணகி மேல் போய் உட்கார்ந்தது. ஒன்பது வருஷமாக அவரிடம் வீடியோ எடிட் செய்கிறவள். கள்ளக்குறிச்சியில் தனிக்கடை போடப்போகிறாள் என்று யாரோ காதில் ஓதியிருந்தார்கள். போன வாரம் லீவு கேட்டாளே, எதற்கு? ஆயுத பூஜையன்று துணியும் கையுமாக டிஸ்க் பக்கம் வந்தாளே, அது எதற்கு? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே. படங்களை வாரிக்கொண்டு டிஸ்கைக் கெடுத்துவிட்டாள் என்றே முடிவு கட்டினார். தெருவில் போகிறவர்கள் பார்க்க, அவள் கைப்பையைப் பிடுங்கி மேஜையில் கொட்டினார். டிபன் பாக்ஸ், சீப்பு, மாத்திரை அட்டை. அவ்வளவுதான். அப்போதும் ஆறவில்லை, நாளையிலிருந்து வராதே என்றார். அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு போனாள்.

டிஸ்கை மஞ்சள் பையில் சுற்றிக் கள்ளக்குறிச்சி ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரத் தமிழழகனையும் விட்டுவைக்கவில்லை. ஆளை ஏமாற்றி வேறு டிஸ்கைக் கொடுத்துவிடுவானோ என்று அதன் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, டீக்குக்கூட எழுந்திருக்காமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். தமிழழகன் டிஸ்கைத் திருப்பி, காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினான்.

"இந்தப் பொட்டு யாருங்க வெச்சது? இது மூச்சு வுடுற ஓட்ட. மூடக்கூடாதுன்னு பக்கத்துலயே எழுதிக்கிது பாருங்க. ஈரம் உள்ள போயி, படத்தப் படிக்கிற ஊசி கெட்டுப்போச்சு."

ஆயுத பூஜைப் பொட்டு. கேமரா, லைட், டிஸ்க் எல்லாவற்றுக்கும் தன் கையாலேயே வைப்பார். இன்னொருவரைத் தொடவிட மாட்டார். அந்த ஓட்டை மேல் வேண்டாம் அண்ணே என்று கண்ணகி அன்றைக்கே சொன்னாள். துடைப்பதற்குத்தான் துணியோடு வந்தாள். சாமிப் பொட்டை அழிக்கப் பார்க்கிறாளே என்று அதிலும் சந்தேகப்பட்டு விரட்டியவர் சாட்சாத் இவர்தான்.

தமிழழகன் அதே மாதிரி பழைய டிஸ்கிலிருந்து ஊசியை எடுத்து மாட்டிப் பார்த்தான். படங்கள் வந்தன, ஆனால் பெயர் இல்லாமல் வந்தன. நாற்பதாயிரம் துண்டு, எல்லாம் வெறும் நம்பர். பாதி திறக்கவே இல்லை. இரண்டு நாள் பார்த்தார். எல்லாப் பெண்ணும் ஒரே கல்யாணப்பெண்ணாகத் தெரிந்தாள். எடிட் செய்தவளுக்குத்தான் எது யாருடையது என்று தெரியும்.

மூன்றாம் நாள் கண்ணகி வீட்டு வாசலில் போய் நின்றார். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை, பாவி மனுஷனுக்கு. சுபஸ்ரீ அப்பாவைப் பற்றி மட்டும் சொன்னார். அந்தப் பெண்ணுக்காக வருகிறேன் என்று கண்ணகி வந்தாள்.

சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிட்டாள். இருபது வினாடிதான். ராசு துண்டைச் சரிசெய்துகொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விழிக்கிறார். "இன்னா சொல்றது? மொதல்ல எம்பொண்ணு சாப்ட்டாளான்னு கேளுங்க" என்கிறார். கண்ணகி அதை அப்போதே சுபஸ்ரீக்கு அனுப்பினாள்.

நாளைக்கு வந்துடும்மா என்றார் தெய்வசிகாமணி, தரையைப் பார்த்தபடி.

கண்ணகி கைப்பையை மேஜைமேல் வைத்து, ஜிப்பைத் தானே திறந்து, அவர் பக்கம் நகர்த்தினாள்.

"பாத்துக்குங்க சார். ஒன்னும் எடுத்துக்கினு போவல."

ஒன்பது வருஷம் அண்ணே என்று கூப்பிட்டவள். அவர் நிமிர்ந்து பார்க்கிறவரை அவள் பையை மூடவில்லை.