கதவு மாட்டுகிறவன்

தயாளன் தினமும் மலேசியாவின் பீடோங்கிலிருந்து கம்பெனி பஸ்ஸில் கார்த் தொழிற்சாலைக்குப் போய், காருக்குக் கதவு மாட்டுகிறவன். அந்தக் காரைப் பந்தய வீடியோ கேமில் சேர்க்க உரிமம் கொடுங்கள் என்று ரசிகர்கள் கம்பெனிக்கு எழுதினார்கள். தயாளனும் எழுதினான். கம்பெனி ஆளே கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்று நம்பி, தன் தொழிலாளர் எண்ணையும் போட்டான்.

மற்றவர்களுக்கு நன்றிக் கடிதம் வந்தது. இவனை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்.

"இதெல்லாம் உன் வேலையா தம்பி?" என்றார் மேனேஜர் ரவிச்சந்திரன்.

"நானும் ரசிகன்தான் லா, சார்."

எச்சரித்து அனுப்பினார்கள்.

கார் கேமில் வந்தது. கடிதம் எழுதிய ரசிகர்களையெல்லாம் அறிமுக விழாவுக்கு அழைத்தார்கள். அன்றும் தயாளன் கதவுதான் மாட்டினான்.

வீட்டில் விளையாடிப் பார்த்தான். கார் அச்சு அசலாக ஓடியது. கதவு மட்டும் திறக்கவில்லை. அது வெறுமனே வரைந்த கோடு.