கஜனுக்குக் கொடுக்காத ஹிட்

துபாயில் நடந்த முதல் தொழில்முறை பேஸ்பால் ஆட்டத்துக்கு அஃபிஷியல் ஸ்கோரர் நான்தான். வாரமெல்லாம் அக்கவுண்ட்ஸ் வேலை, விடுமுறை நாளில் இந்த டியூட்டி. சேலத்தில் படிக்கும்போது சாஃப்ட்பால் ஆடியவள் என்று தெரிந்ததும் பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

புதிதாக ஸ்கோர் எழுத வருகிறவர்கள் சும்மா எண்ணினால் போதும் என்று நினைக்கிறார்கள். தீர்ப்பும் சொல்ல வேண்டும். அடித்தவன் ஓடிச் சேர வேண்டிய பேஸுக்குத் தன் அடியால் போனால் ஹிட். சுலபமான பந்தை ஃபீல்டர் கோட்டை விட்டதால் போனால் எரர். அடித்தவன் கணக்கில் ஒன்றும் ஏறாது.

கஜன் யாழ்ப்பாணத்துப் பையன். தோஹாவில் ஸ்டோர் கீப்பர், அங்கேயே நஜ்மா பகுதியில் ரூம். வளைகுடாவில் வேலை செய்கிறவர்களிலிருந்து அணிக்கு எடுத்த சிலரில் ஒருவன். ஏழாவது இன்னிங்ஸில் அவன் அடித்த பந்து மெதுவாக உருண்டு, இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு இடையில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பின் கால்களுக்கு நடுவே போய்விட்டது. கஜன் முதல் பேஸில் நின்று இரண்டு கையையும் தூக்கினான். கூட்டம் எழுந்துவிட்டது. நான் எரர் கொடுத்தேன்.

லீக்கின் மீடியா மேனேஜர் பாலாஜி மூச்சிரைக்க ஓடி வந்தார். "மேடம், தமிழ்ப் பையன் அடிச்ச முதல் ஹிட்டுன்னு போஸ்ட்டே ரெடி. மாத்திடுங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

"பந்து போட்ட பிட்சருக்கு. அந்த ஹிட் அவர் தலையிலதான ஏறும்."

"சரியான பிடிவாதம் மேடம் உங்களுக்கு."

"ஆமா சார். அதுக்குத்தான உக்கார வச்சிருக்கீங்க."

ஆட்டம் முடிந்ததும் கஜனே தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தான். "அக்கா, கெஞ்சி லீவு எடுத்து வந்தனான். பேருக்கு நேர ஒரு ஹிட் இருந்தா டீம்ல வைச்சிருப்பினம். இல்லையெண்டா அனுப்பிப் போடுவினம். மாத்தி விடுங்கோ."

ஆட்டம் முடிந்த பிறகும் தீர்ப்பை மாற்ற விதியில் இடம் உண்டு.

"நீ நல்லா ஆடுற தம்பி. ஆனா அது ஹிட் இல்ல."

"தமிழ் ஆள் எண்டு நம்பித்தான் வந்தனான்" என்று சொல்லிவிட்டுப் போனான். மெட்ரோவில் வீடு போய்ச் சேரும்வரை அழுதேன். தீர்ப்பை மாற்றவில்லை.

அணியில் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியதால், அடுத்த ஆட்டத்துக்கும் கஜனை வைத்துக்கொண்டார்கள். இந்த முறை அவன் அடித்தது மூன்றாவது பேஸ் ஓரமாக ஊர்ந்தது. ஃபீல்டர் பாய்ந்து எடுத்து எறிந்தார். த்ரோ கொஞ்சம் விலகியது. நேராக வந்திருந்தாலும் கஜன் முந்தியிருப்பான். யோசிக்கவே இல்லை, ஹிட் கொடுத்தேன்.

எதிரணிக் கோச் உடனே போன் செய்து, அது த்ரோ எரர் என்று குதித்தார். போனை எடுத்தது பாலாஜி. "சார், போன மேட்ச்ல இதே பையனுக்கு, நான் கேட்டும் தராதவங்க இவங்க. இப்ப ஹிட்டுன்னா ஹிட்டுதான்" என்பதை ஆங்கிலத்தில் அழுத்திச் சொன்னார். கோச் அடங்கிவிட்டார். ஒரு ஸ்கோரருக்கு வேண்டிய சம்பாத்தியம் இதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

வெளியே கஜன் நின்றிருந்தான். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்: "அக்கா, இது என்ர தானே?"

"உன்னோடதுதான். யாரும் குடுத்ததில்ல."