மாதக்காவுக்கு யானை காட்டப் போனது

போன வாரம் காலையில் எங்கள் குடியிருப்பே மொட்டைமாடியில் நின்றது. தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் ஏரியில் இரண்டு காட்டு யானைகள் வந்து இறங்கிவிட்டனவாம். கீழ்வீட்டுப் பெண் ஓடி வந்து, "தாத்தா, வாங்க வாங்க, போயிடப் போவுது" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கைப்பிடிச் சுவர் வரைக்கும் போனேன். அதற்குள் கீழே யாரோ ஒரு தகர டின்னை எடுத்துத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். என் கண் தானாக மூடிக்கொண்டது. "பயமா தாத்தா? தூரத்துலதான் இருக்கு" என்றாள். எண்பது தாண்டிய கிழவன் யானைக்குப் பயப்படுகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டதில் எனக்கு வருத்தமில்லை. விளக்கம் சொல்ல உட்கார்ந்திருந்தால் அவள் வீட்டு இட்லி ஆறிப்போயிருக்கும். உங்களுக்குத்தான் நேரம் இருக்கிறது, உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு டின் இருந்தது. சதுரமான பிஸ்கட் டின். மூடியில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி குடை பிடித்து நிற்பாள். அவள் முகத்தைத் துரு தின்றுவிட்டது. தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகிற பக்கம், காட்டை ஒட்டி எங்கள் கொல்லை, ராகி விளைகிற மேட்டு நிலம். ராகி கதிர் பிடித்தால் அந்த டின் காவல் பரணுக்குப் போய்விடும். மூங்கில் முறிகிற சத்தம் கேட்டால் யானை வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே டின்னைத் தட்ட வேண்டும், தொண்டை கிழியக் கத்த வேண்டும். யோசிக்கிற வேலையே கிடையாது. யோசித்தால் வருஷத்துக் களி போய்விடும். அறுவடை முடிந்ததும் அம்மா அதே டின்னைக் கழுவி முறுக்கு போட்டு வைப்பாள். பரணில் தீப்பந்தத்துக்குப் பக்கத்திலேயே தொங்கியதால் முறுக்கில் எப்போதும் மண்ணெண்ணெய் வாசனை அடிக்கும். இன்றைக்கும் கடை முறுக்கில் அந்த வாசனை இல்லாதது எனக்கு ஒரு குறையாகத்தான் படுகிறது.

அந்த வீட்டில் யானையைப் பார்க்காத ஒரே ஆள் என் அக்கா மாதம்மா. என்னைவிட ஐந்து வயது பெரியவள். அவளுக்குச் சின்ன வயதிலேயே மாலைக்கண். பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பாள். யானை இருட்டியபிறகுதான் வரும், இருட்டில் அவளுக்குக் கண் கிடையாது. நாங்கள் பார்த்துவிட்டு வந்து அளக்கிற கதையை அடுப்படியில் உட்கார்ந்து கேட்பாள். "காது நெசமாவே முறம் மாதிரிதான் இருக்குமாடா?" என்று நூறு தடவையாவது கேட்டிருப்பாள். நானும் ஒவ்வொரு தடவையும் முறத்தைக் கொஞ்சம் பெரிதாக்குவேன்.

இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் பகல் பார்வையும் ஓரத்திலிருந்து சுருங்க ஆரம்பித்தது. "சாவி ஓட்டை வழியா பாக்கற மாதிரி இருக்குடா" என்றாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காப்பித் தட்டோடு தூணில் மோதினாள். அதோடு கல்யாணப் பேச்சு நின்றது. தை மாதம் பெங்களூரில் ஒரு கண் டாக்டரிடம் காட்டினோம். அவர் வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்துவிட்டு அப்பாவைத் தனியே கூப்பிட்டார். ஒன்றும் செய்வதற்கில்லை, காட்ட வேண்டியதையெல்லாம் சீக்கிரம் காட்டிவிடுங்கள் என்றார். ஓசூர் வந்து இறங்கிய பிறகுதான் அப்பா இதை என்னிடம் சொன்னார். எனக்கு அந்த டாக்டரை அடிக்க வேண்டும் போலிருந்தது.

சித்திரையில் புறப்பட்டோம், அப்பா, அக்கா, நான். மாட்டைப் பார்த்துக்கொள்ள அம்மா நின்றுவிட்டாள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஓசூரில் தாலுகா ஆபீசில் நகல் எழுதும் வேலையில் சேர்ந்து மூன்று மாதம். உலகமே என் பேனாவில் ஓடுகிறது என்ற நினைப்பு. முழுத்தாளில் கோடு போட்டு 'புரோகிராம்' எழுதினேன். ஓசூர் மலைக்கோயில், லால்பாக், மைசூர் அரண்மனை என்று நான் எழுதிக்கொண்டே போக, அப்பா நஞ்சன்கூட்டுக் கோயிலைச் சேர்க்கச் சொன்னார். ஒரு சுல்தானின் யானைக்குக் கண் போய், அந்தச் சாமியை வேண்டித் திரும்பி வந்ததாம். "ஆனைக்கே கண்ணு குடுத்த சாமி, எம் புள்ளைக்குக் குடுக்காதா?" என்றார். அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். "எனக்கு ஆனை காட்டுங்க. வேற ஒண்ணும் வேணாம்." கடைசி வரியாகப் பந்திப்பூர்க் காடு என்று எழுதினேன். வழிக்கு முறுக்கு வேண்டும் என்று அம்மா அந்த டின்னைக் கொடுத்தாள். கௌரவம் போகிறது என்று சண்டை போட்டேன், எடுபடவில்லை.

அவளுக்குக் காட்டுவது ஒரு தனி வேலை. கையை நீட்டினால் கை தெரியாது. மோவாயைப் பிடித்து, கடிகார முள்ளைத் திருப்புகிற மாதிரி மெதுவாகத் திருப்ப வேண்டும். மலைக்கோயில் கோபுரத்தைப் பொம்மை பொம்மையாகப் பார்த்தாள். லால்பாக்கில் ஒரே ஒரு ரோஜாவை அரைமணி நேரம் பார்த்தாள். எனக்கோ புரோகிராம் தவறுகிறதே என்ற கவலை. மைசூரில் மிருகக்காட்சி சாலையில் யானை இருந்தது. அப்பாடா, கடமை முடிந்தது என்று மோவாயைத் திருப்பினேன். கால் சங்கிலியிலிருந்து தும்பிக்கை வரைக்கும் பார்த்துவிட்டு, "இது கட்டிப்போட்டதுடா. நம்ம ராகியத் திங்கறது இது இல்ல" என்றாள்.

நஞ்சன்கூட்டில் அப்பா கபிலை ஆற்றில் முழுகி, ஈர வேட்டியோடு கோயிலைச் சுற்றி உருண்டார். சித்திரை வெயிலில் காய்ந்த கல். முதுகு கன்றிச் சிவந்துவிட்டது. எழுந்து வந்ததும் முதல் காரியமாக அக்கா முகத்துக்கு நேரே கையை ஆட்டி, "தெரியுதா தாயி?" என்றார். "தெரியுதுப்பா" என்றாள். நேரே ஆட்டினால் எப்போதும்தான் தெரியும். அது அவருக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் பந்திப்பூர். பலகை பெஞ்சு போட்ட காட்டிலாகா லாரி. முன்னால் டிரைவர், எங்களோடு ஒரு ஃபாரஸ்ட் கார்டு. "யாரூ சத்த மாடபேடி" என்று கார்டு கன்னடத்தில் சொன்னார். அப்பாவுக்கு என்னைவிட நன்றாகக் கன்னடம் வரும். இருந்தாலும் உத்தியோகஸ்தன் அல்லவா, நான் அதை மொழிபெயர்த்தேன்: "யாரும் சத்தம் போடக்கூடாதாம்ப்பா."

மான் கிடைத்தது, மயில் கிடைத்தது. ஒரு குட்டைக்குப் பக்கத்தில் கார்டு கையைத் தூக்கினார், லாரி நின்றது. மரத்தடியில் ஆறு யானைகள், ஒரு குட்டி. மடியிலிருந்த டின்னை அப்பா மடிக்கு மாற்றிவிட்டு, இரண்டு கையாலும் அக்காவின் மோவாயைப் பிடித்தேன்.

"எங்கடா?"

"கொஞ்சம் இந்தப் பக்கம்... இன்னும்..."

"கல்லு மாதிரி தெரியுது."

"அது கல்லுதான். அதுக்குப் பக்கத்துல."

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். இன்னும் ஒரு விரற்கடை திருப்பினால் போதும். அப்போது எங்களுக்குப் பின்னால், வெகு பக்கத்தில், மடாரென்று மூங்கில் முறிந்தது.

"ஹோஓஓய்!"

கத்தியது நான். நான் கத்தி முடிப்பதற்குள் அப்பாவின் இரண்டு கையும் டின்னில் இறங்கிவிட்டன. தடதடவென்று அவர் தட்ட, இரண்டு பேருமாகச் சேர்ந்து எங்கள் கொல்லையைக் காப்பாற்றினோம். எங்கள் கொல்லை நூறு மைலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. கார்டு பாய்ந்து வந்து டின்னைப் பிடுங்கினார். குட்டைக் கரையில் புழுதிதான் இருந்தது.

"எங்கடா? எங்க? திருப்புடா!" என்று அக்கா தன் முகத்தைத் தானே அங்கும் இங்கும் திருப்பினாள். "போயிடுச்சுக்கா" என்றேன். என் கத்தலை டின் சத்தம் மூழ்கடித்துவிட்டது, அவளுக்குத் தெரிந்தது அப்பா தட்டியது மட்டும்தான். அப்பாவின் நெஞ்சில் குத்தினாள். "ஏம்ப்பா வெரட்டுன? இது உங் கொல்லையா? நான் ஒரு தடவ பாத்தா உனக்கு என்னப்பா கொறஞ்சுடும்?" அப்பா என்னை ஒரே ஒரு முறை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "கைப் பழக்கம் தாயி. எந் தப்புதான்" என்றார் அவர்.

அப்போது நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. இன்னொரு முறை காடு சுற்ற அந்த லாரிக்காரர்கள் எங்களை ஏற்றவும் இல்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் அக்கா கண்ணைத் திறக்கவே இல்லை. மிச்சமிருந்த பார்வையைக் கோபத்தில் மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மார்கழிக்குள் சாவி ஓட்டையும் அடைத்துக்கொண்டது. வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் தெரிந்தது. அவள் ஒத்துக்கொள்ளமாட்டாள். "நடுவுல கொஞ்சம் தெரியுது" என்பாள். நான் லீவில் ஊருக்குப் போயிருந்த ஒரு காலை, வெயில் வந்த பிறகும் காட்டுக்குத் திரும்பாமல் தனியாக வந்த ஒரு கொம்பன் யானை எங்கள் கொல்லையின் அந்தக் கோடியில் அசையாமல் நின்றது. பாதி ராகி போயிருந்தது. அம்மா டின்னோடு ஓடினாள். அப்பா அதைப் பிடுங்கி என் கையில் திணித்துவிட்டு வீட்டுக்குள் போய் அக்காவை இழுத்துக்கொண்டு வந்தார். நான் செய்கிற மாதிரியே அவள் மோவாயைப் பிடித்தார். அவருக்குப் பழக்கமில்லை, விரல்கள் அழுத்திவிட்டன.

"அதோ பாரு தாயி. ரெண்டு கொம்பும் தெரியும் பாரு. அதோ."

அக்கா முகம் முழுவதாலும் தேடினாள். நல்ல வெயில். யானை அங்கேயேதான் நின்றது.

"எங்கப்பா? வெரட்டிட்டியா?"

அப்பா யானையைப் பார்த்தார், அவள் கண்ணைப் பார்த்தார். கையை எடுக்கவில்லை.

"ஆமா தாயி. வெரட்டிட்டேன். இந்தப் பாழாப்போன பழக்கம் போவமாட்டேங்குது."

அக்கா அவரைத் திட்டிக்கொண்டே சுவரைத் தடவி உள்ளே போனாள். டின்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அந்த யானையை அன்றைக்கு யாரும் விரட்டவில்லை.

அந்தக் கொல்லையில் இப்போது மனைக்கல் நட்டு மஞ்சள் சாயம் அடித்திருக்கிறார்கள். மூங்கில் எப்போதோ போய்விட்டது. டின் எந்த வீடு மாற்றும்போது தொலைந்தது என்று தெரியவில்லை. அப்பா அந்தத் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு முப்பது வருஷம் அக்கா என் வீட்டில், என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். முதலில் கத்தியது நான்தான் அக்கா என்று ஒரு நாளும் சொல்லவில்லை. யானைகள் இன்னும் வருகின்றன, பட்டப்பகலில், வீட்டு வாசலுக்கே. அக்காதான் இல்லை.