மஞ்சள் கொட்டாவி

சலவைக் கடை அக்காவுக்கு மத்தியானச் சாப்பாடு ஆனதும் கொட்டாவி வந்துவிடும். பின்னால் வாஷிங் மெஷின்கள் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருக்க, கல்லாவில் உட்கார்ந்தபடி கடைவாய்ப் பல் தெரிய வாயைப் பிளப்பாள். அதையும் ஒருவர் படம் எடுப்பார் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

நாத்தனார்தான் போன் செய்து சொன்னாள். பேச்சைவிடச் சிரிப்புதான் அதிகமாகக் கேட்டது.

"அண்ணி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல புதுசா காபிக் கடை திறந்திருக்காங்கல்ல, அங்க சுவர் முழுக்க நீங்கதான்."

"நானா?"

"போய்ப் பாருங்க."

கடையைக் கணவரிடம் விட்டுவிட்டுப் போனாள். சுவரில் வரிசை வரிசையாக அவள் முகம். ஒன்றில் முகம் மஞ்சள், வாய் ரோஜா நிறம். அடுத்ததில் முகம் பச்சை, தலைமுடி ஊதா. எல்லாவற்றிலும் அதே கொட்டாவி. கன்னத்தில் நிழல் விழுந்த இடமெல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகள். கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள். காபி குடித்துக்கொண்டிருந்த யாரும் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஒருவர் மட்டும் படத்தைப் பார்த்துவிட்டுத் தானும் ஒரு கொட்டாவி விட்டார்.

வரைந்தது யார் என்று விசாரித்தாள். அவள் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கும் பெண்தான். விளம்பரக் கம்பெனியில் வேலை. வாரம் தவறாமல் துணி போட வருபவள்.

அன்று சாயங்காலம் அக்கா மாடி ஏறினாள். கதவைத் திறந்த பெண்ணின் முகம் வெளிறியது.

"சாரிக்கா. உங்களைக் கேட்டிருக்கணும். இப்பவே கழட்டச் சொல்லிடறேன்."

"கேட்டிருக்கணும்தான். கேட்டிருந்தா தலையாவது வாரிட்டு உக்காந்திருப்பேன்" என்றாள் அக்கா. "சரி, இருந்துட்டுப் போகட்டும். எப்படிப் பண்ணினே, அதைக் காட்டு."

அந்தப் பெண் டேப்லெட்டை எடுத்தாள். முதலில் சாதாரண போட்டோ. விரலால் ஒரு தட்டு. முகத்திலிருந்த நூறு சாயலும் போய் நாலே நிறம் மிஞ்சியது. இன்னொரு தட்டு, மஞ்சள் நீலமானது. அடுத்த தட்டில் புள்ளிகள் வந்து உட்கார்ந்தன.

"இந்தப் புள்ளி எதுக்கு? அம்மை போட்ட மாதிரி."

"முன்னாடி மலிவான அச்சு மெஷின்ல காமிக்ஸ் புத்தகம் போட்டா கலர் புள்ளி புள்ளியாத்தான் விழும். சில ஓவியர்கள் அதையே பெருசாக்கி வரைஞ்சாங்க. கடையில விக்கற டப்பா, விளம்பரம், சினிமாக்காரங்க முகம்னு தினம் பாக்கறதையெல்லாம் வரைஞ்சாங்க. பாப் ஆர்ட்னு பேரு."

"இப்ப உன் மெஷினுக்குப் புள்ளி வேணுமா?"

"வேண்டாம். நாமளா வைக்கறோம்."

அக்காவுக்கு ஒரு ஜீன்ஸ் ஞாபகம் வந்தது, அந்தக் கதையைச் சொன்னாள். முட்டியில் கிழிந்திருக்கிறதே என்று பரிதாபப்பட்டு அவள் கணவர் தையல் வெளியே தெரியாமல் தைத்து வைத்தார். துணியைத் திரும்ப எடுக்க வந்தவர் தாம்தூமென்று குதித்தார். அந்தக் கிழிசலுக்காகத்தான் அதை வாங்கினாராம்.

"அதேதான்க்கா" என்று அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, தான் இணையத்தில் போட்டிருந்த அந்தப் படத்தை மற்றவர்கள் மாற்றியிருந்ததைக் காட்டினாள். முகம் தெரியாத யாரோ அந்தக் கொட்டாவிக்குக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். வேறொருவர் அசையவே வைத்திருந்தார். வாய் திறந்து திறந்து மூடியது.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு அவங்களைத் தெரியாது, அவங்களுக்கும் என்னைத் தெரியாது. எங்கேயோ உக்காந்துகிட்டு என் வாயை ஆட்டறாங்க."

மாடியிலிருந்து இறங்கியபோது அக்காவின் போனிலும் அந்த நிறம் மாற்றும் ஆப் ஏறியிருந்தது.

எதை எடுப்பது என்று யோசித்தாள். தினமும் கண்ணில் படுவது சட்டைக் காலரும் அதன் அழுக்கு வளையமும்தான். துணி போட வந்த ஒரு வங்கி ஊழியரிடம், "உங்க காலரை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். "காலரையா? என் காலரையா?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டுவிட்டுச் சரியென்று தலையாட்டினார்.

"ஊரார் அழுக்கைப் படம் பிடிக்கற அளவுக்கு வந்துட்டியா?" என்றார் கணவர்.

முதல் முயற்சியில் கண்ணைப் பறிக்கும் நிறங்களை எல்லாம் அள்ளிப் போட்டாள், எதுவும் எடுபடவில்லை. பிறகு காலரை வெறும் சாம்பல் நிறமாக்கி, அழுக்கு வளையத்துக்கு மட்டும் ஆரஞ்சு வைத்தாள். அழுக்கு ஜொலித்தது. அதே காலரை எட்டாக அடுக்கி, எட்டு வளையத்துக்கும் எட்டு நிறம் கொடுத்து, பிரிண்ட் போட்டுக் கடையில் மாட்டினாள். பார்த்த ஒரு வாடிக்கையாளர், "இங்க சாயமும் போடறீங்களா?" என்று விசாரித்தார். இன்னொருவர் மெதுவாகத் தன் காலரைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த வாரம் கணவர் தொண்டையைக் கனைத்தார். "ஊர் காலரையெல்லாம் எடுக்கற. என்னை ஒண்ணு எடேன்."

சட்டையை நீவிவிட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார்.

"பாஸ்போர்ட்டுக்கா எடுக்கறேன்? போய் அந்த பெட்ஷீட்டை மடிங்க."

அவர் ஒரு முனையை மோவாயில் அழுத்திப் பிடித்து, கைகளை அகல விரித்தார். அவள் எடுத்துக்கொண்டாள். உட்கார்ந்து விரலால் தட்டினாள். முகம் சிவந்தது, பச்சையானது, மறுபடி சிவந்தது. அவர் பெட்ஷீட்டைப் போட்டுவிட்டு வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்ன கலர்ல முடிக்கப்போற?"

"தெரியலைங்க" என்றாள். "போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."